“ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா?” – ஹெல்ப் டெஸ்க் தளத்துக்குள் ஒரு எட்டிப்பார்வை

முதலில் அந்த ஒயரைப் பார்த்துவிடுங்கள். அதைப் பார்க்காமல் உள்ளே விடமாட்டேன்! ஒரு முனை போன் பெட்டியில் செருகியிருக்கிறது. மறுமுனை இரண்டாகப் பிரிந்து இரண்டு ஹெட்செட்டுக்குப் போகிறது. ஒன்று சீனியர் அக்காவின் தலையில், இன்னொன்று பக்கத்து நாற்காலியில் முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்ரண்டிஸின் தலையில். அப்ரண்டிஸின் மைக் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். வொய்-கார்டு என்கிறார்கள் இதை. காது உண்டு, வாய் கிடையாது!

இந்த ஒயரை மாட்டிக்கொண்டு வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதுதான் ஷேடோயிங். வகுப்பறை, ஸ்லைடு, ஆன்லைன் பரீட்சை எல்லாம் உண்டுதான். ஆனால் தொழில் கைக்கு வருவது இந்த ஒயர் வழியாகத்தான். கம்ப்யூட்டரைச் சரிபண்ணக் கற்றுக்கொடுக்கும் இடம் என்று நினைத்துப் போனால், அங்கே கற்றுக்கொடுப்பது கேட்பதற்கு.

இடம், சென்னை ஓஎம்ஆரில் ஒரு கண்ணாடிக் கட்டடம். கம்பெனி பெயரைப் போடமாட்டேன் என்று சொன்ன பிறகுதான் விசிட்டர் அட்டை கழுத்துக்கு வந்தது. போன் லாக்கருக்குப் போய்விட்டது. பேனாவும் பேப்பரும்கூட ஆகாதாம். வாடிக்கையாளரின் விவரத்தை யாரும் எழுதிக்கொண்டு வெளியே போய்விடக்கூடாது என்பதற்காக ஒவ்வொரு மேஜையிலும் ஒரு சின்ன ஒயிட்போர்டு, ஒரு மார்க்கர். ஷிஃப்ட் முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். துடைத்ததை டீம் லீட் வந்து பார்ப்பார். எனக்கும் ஒரு ஒயிட்போர்டு கொடுத்தார்கள், துடைத்துவிட்டுத்தான் வந்தேன்!

திங்கட்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு அந்தத் தளத்தைப் பார்க்க வேண்டும். வெளியே சாப்பாட்டு நேரம். உள்ளே யூகே ஷிஃப்ட்டுக்கு விடிகிறது. லண்டனில் அப்போது காலை ஒன்பது. சனி, ஞாயிறு முழுக்க பாஸ்வேர்டை மறந்துவிட்டு வந்த ஒரு தேசமே ஒரே நேரத்தில் லேப்டாப்பைத் திறக்கிறது. சுவரில் தொங்கும் திரையில் காத்திருக்கும் போன் கால்களின் எண்ணிக்கை பச்சையிலிருந்து மஞ்சளுக்கு, மஞ்சளிலிருந்து சிவப்புக்குத் தாவுகிறது. அக்டோபர் கடைசி ஞாயிறு அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பினால், மறுநாள் இங்கே மேடவாக்கத்திலும் துரைப்பாக்கத்திலும் கேப் வரும் நேரம் மாறுகிறது. பிரிட்டனின் சூரியனுக்கு ஏற்றபடி சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற கூட்டம் இது.

யாரெல்லாம் வருகிறார்கள் இந்தப் பயிற்சிக்கு? ஐடிஐயில் ஐசிடிஎஸ்எம் என்ற கம்ப்யூட்டர் பராமரிப்புப் படிப்பை முடித்த பிள்ளைகள், பாலிடெக்னிக் டிப்ளமோ, பிஎஸ்சி கம்ப்யூட்டர் சயின்ஸ், பிளஸ் டூவோடு வந்தவர்கள் என்று கலவையான கூட்டம். நான் பக்கத்தில் உட்கார்ந்த பெண் செய்யாறு பக்கம், ஐடிஐ. அவளுக்குச் சொல்லிக்கொடுக்கும் அக்கா திருச்சி. முதல் வாரம் பயத்தில் அவரை ‘மேடம்’ என்று கூப்பிட்டாளாம். “மேடம்னா நான் ஹெச்ஆருக்குப் போயிட்ட மாதிரி இருக்கு, அக்கான்னு சொல்லு” என்று உத்தரவு.

இந்த ஏற்பாட்டுக்கு அடியில் ஒரு சட்டம் இருக்கிறது. 1961-ஆம் வருடத்து அப்ரண்டிஸ் சட்டம். லேத், வெல்டிங், ஃபிட்டர் என்று தொழிற்கூடங்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம். 2014-இல் திருத்தம் வந்து, அரசுப் பட்டியலில் இல்லாத தொழில்களிலும் நிறுவனங்களே பயிற்சியை வடிவமைத்துக்கொள்ள வழி பிறந்தது. 2016-இல் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் ஊக்குவிப்புத் திட்டம் வந்தது. கொடுக்கும் உதவித்தொகையில் கால்பங்கை, மாதம் 1,500 ரூபாய் வரை, மத்திய அரசு ஏற்கிறது. டிப்ளமோ, டிகிரிக்காரர்களுக்குத் தனி வழி. அந்த வழியைக் கவனிக்கும் தெற்கு மாநிலங்களுக்கான வாரியம் நம்ம தரமணியில்தான் இருக்கிறது. 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் நிறுவனம், தன் ஆள்பலத்தில் இரண்டரை சதவீதமாவது அப்ரண்டிஸ் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி.

உதவித்தொகை? 2019-இல் நிர்ணயித்த குறைந்தபட்சம் பிளஸ் டூவுக்கும் ஐடிஐ சான்றிதழுக்கும் மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000. இதற்கு மேல் கொடுக்கிற கம்பெனிகள் உண்டு. கொடுக்காவிட்டால், ஓஎம்ஆர் ஹாஸ்டல் வாடகையைக் கட்டிவிட்டு மிச்சத்தில் மாதத்தை ஓட்டிக் காட்டுவது தனி சாமர்த்தியம். கேப்பும் கேன்டீனும் இலவசமா என்பதைத்தான் இந்தப் பிள்ளைகள் முதலில் விசாரிக்கிறார்கள். புத்திசாலிகள்!

சரி, பாக்கெட் கணக்கு போதும். உள்ளே வாருங்கள், மியூட் பட்டனைக் காட்டுகிறேன்.

ஹெட்செட் ஒயரில் தொங்கும் சின்னப் பட்டன். அழுத்தினால் சிவப்பு விளக்கு. அந்தச் சிவப்பு விளக்குக்குப் பின்னால்தான் இந்தத் தளத்தின் நிஜ வாழ்க்கை நடக்கிறது! அன்மியூட்டில் தேன் ஒழுகும் ஆங்கிலம். மியூட்டில் சுத்தமான திருச்சித் தமிழ். “இந்தாளு பொய் சொல்றாரு, கவனி” என்று அக்கா மியூட்டில் சொல்லிவிட்டு, அதே மூச்சில் பட்டனை விடுவித்து, “நிச்சயமாக சார், நான் இப்போதே பார்க்கிறேன்” என்கிறார் ஆங்கிலத்தில். செய்யாற்றுப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பை விழுங்குகிறாள். விளக்கு சிவப்பாக இருக்கிறதா என்று கண்ணால் பார்க்காமல் வாயைத் திறக்கக்கூடாது என்பது முதல் நாளே சொல்லப்படும் எச்சரிக்கை. அதற்குக் காரணமாக இருந்த பழைய கதைகளைக் கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள், யாரும் சொல்லவில்லை.

அந்தப் ‘பொய்’ என்ன தெரியுமா? இந்தத் தொழிலின் ஆகப் பெரிய ஒற்றைக் கேள்வி: ரீஸ்டார்ட் பண்ணுனீங்களா?

“ராத்திரிதான் ஷட்டவுன் பண்ணேன், காலையில ஆன் பண்ணேன்” என்கிறார் மான்செஸ்டர்க்காரர். லேப்டாப் தவழ்கிறது என்பது புகார். அக்கா அவர் அனுமதியோடு ரிமோட்டில் திரைக்குள் நுழைகிறார். டாஸ்க் மேனேஜரைத் திறக்கிறார். பெர்ஃபார்மன்ஸ் பக்கம். கீழே ‘அப் டைம்’ என்று ஒரு வரி, கம்ப்யூட்டர் கடைசியாக முழுசாக எழுந்ததிலிருந்து எவ்வளவு நேரம் ஆகிறது என்ற கணக்கு. 31 நாள்! செய்யாற்றுப் பெண் அக்காவைப் பார்க்கிறாள். மாட்டிக்கொண்டார் மனுஷன் என்ற சந்தோஷம் அவள் கண்ணில்.

இங்கேதான் அக்கா மியூட்டைப் போட்டுவிட்டு, தான் சொன்னதைத் தானே திருத்துகிறார். “பொய்யில்ல பாப்பா. அவர் நிஜமாத்தான் ஷட்டவுன் பண்ணியிருக்கார்.” 2012-இல் வந்த விண்டோஸ் 8-லிருந்து ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ என்று ஒரு சங்கதி. ஷட்டவுன் கொடுத்தால் திறந்திருக்கும் வேலைகள் மூடப்படும். ஆனால் விண்டோஸின் உள்மனசை, அதாவது கெர்னலை, அப்படியே டிஸ்க்கில் பத்திரப்படுத்தி வைத்துக்கொள்ளும். காலையில் பட்டனை அழுத்தினால் அதையே திரும்ப எடுத்து விரிக்கும். சீக்கிரம் எழுந்த மாதிரி இருக்கும், அப் டைம் மட்டும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் துடைக்கப்பட்டுப் புதிதாக ஆரம்பிக்கும். ஷட்டவுன்தான் பெரிய ஓய்வு, ரீஸ்டார்ட் சும்மா ஒரு குட்டித் தூக்கம் என்று உலகமே நினைத்துக்கொண்டிருக்க, விஷயம் தலைகீழ்!

எனக்கு இதைக் கேட்டதும் வீட்டுக்கு ஓடிப்போய் என் லேப்டாப்பின் அப் டைமைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நீங்களும் பார்ப்பீர்கள், எனக்குத் தெரியும்.

“நீங்க சொன்னது சரிதான் சார், ஆனா இந்த விண்டோஸ் கொஞ்சம் சோம்பேறி” என்று அக்கா சமாதானம் சொல்ல, மான்செஸ்டர் சிரிக்கிறது. டிக்கெட், அதாவது அந்தப் புகாரின் பதிவு, மூடப்படுகிறது. பயனர் பொய் சொல்கிறார் என்று முடிவு கட்டியிருந்தால் குரலில் அது தெரிந்திருக்கும், ஆள் முறைத்திருப்பார். ‘யூசர் பொய் சொல்வார்’ என்பது இந்தத் தொழிலில் உலகம் முழுக்கப் புழங்கும் வேதவாக்கு. அதில் பாதி அநியாயம் என்பது என் கட்சி. அவர் தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த கால். ஒரு பெண்மணி, லீட்ஸ் ஊர். காலையில் பாஸ்வேர்டு மாற்றினாராம். பத்து நிமிஷத்தில் அக்கவுன்ட் லாக். ஹெல்ப் டெஸ்க் திறந்துவிட்டது. மறுபடி லாக். மறுபடி திறப்பு. மறுபடி லாக். மூன்றாவது முறை கூப்பிடும்போது குரலில் கண்ணீர் எட்டிப்பார்க்கிறது. புதிதாக வந்த அப்ரண்டிஸ் நான்காவது முறையும் திறந்துவிட்டு ‘சால்வ்டு’ போட்டுவிடுவார். ஷேடோயிங்கில் காது தீட்டிய அப்ரண்டிஸ் கேட்கிற கேள்வி வேறு: “மேம், உங்க ஆபீஸ் மெயில் போன்லயும் வருமா?”

வரும்! அவர் கைப்பையில் கிடக்கும் போன், பழைய பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு மெயில் பெட்டியைத் தட்டித் தட்டிப் பார்க்கிறது. சில முறை தப்பானால் சர்வர் கதவைச் சாத்திவிடுகிறது. சில நேரம் கைப்பைக்கும் சம்பந்தம் இருக்காது, வீட்டில் பிள்ளை கார்ட்டூன் பார்க்கும் பழைய டேப்லெட்டாக இருக்கும். எந்தக் கருவி தட்டுகிறது என்று கண்டுபிடிக்கவும் வழி உண்டு. அக்கவுன்ட் லாக் ஆகும் ஒவ்வொரு தடவையும், லாகின்களைச் சரிபார்க்கும் டொமைன் கன்ட்ரோலர் என்ற சர்வரில் 4740 என்ற எண்ணில் ஒரு பதிவு விழும். முதல்கட்ட ஆளான எல்1-க்கு அந்தப் பதிவைப் பார்க்கும் அனுமதி பெரும்பாலும் இருக்காது. எல்2-க்குத்தான் தள்ள வேண்டும். ஆனால் ‘போனைப் பார்த்தாயிற்று, டேப்லெட் பார்த்தாயிற்று, 4740 பார்க்கவும்’ என்று டிக்கெட்டில் எழுதி அனுப்புகிற எல்1-ஐ எல்2 ஆட்கள் தேடிப் பிடித்து டீ வாங்கிக் கொடுப்பார்கள். வெறும் ‘அக்கவுன்ட் லாக், தயவுசெய்து பார்க்கவும்’ என்று எழுதி அனுப்பினால் டீ கிடையாது, மெயில் வரும்.

பிரிட்டிஷ் காது வேறு தனிப் பாடம். கிளாஸ்கோ ஆள் பேசுவதை முதல்முறை கேட்ட அப்ரண்டிஸ் ஹெட்செட் கெட்டுவிட்டதென்று மாற்றிக் கேட்டாராம்! ‘கொஞ்சம் மெதுவா இருக்கு’ என்று பிரிட்டிஷ்காரர் சொன்னால் ஒன்றுமே ஓடவில்லை என்று அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டும். பெயரை எழுத்துக்கூட்டும்போது ஏ ஃபார் ஆப்பிள், டி ஃபார் திருச்சி எல்லாம் செல்லாது. ஆல்ஃபா, பிராவோ, சார்லி என்ற ராணுவ வரிசையை மனப்பாடம் செய்ய வேண்டும். திருச்சி அக்காவுக்கு இதில் இன்னும் மனத்தாங்கல் உண்டு.

இப்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்துகிறேன், ஏனென்றால் இது பயமுறுத்தும் பகுதி. ஒவ்வொரு அப்ரண்டிஸின் பதிவான கால்களையும் க்வாலிட்டி டீம் கேட்டு நூற்றுக்கு மார்க் போடுகிறது. வணக்கம் சொன்னாயா, ஹோல்டில் போடும்முன் அனுமதி கேட்டாயா, டிக்கெட் எண் சொன்னாயா என்று ஒவ்வொன்றுக்கும் மார்க். எல்லாம் சரியாகச் செய்து, ஆளை அடையாளம் சரிபார்க்காமல் பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்திருந்தால்? ஃபேட்டல். மொத்தமும் பூஜ்யம். தொண்ணூற்றெட்டு எடுத்தேனே என்றெல்லாம் பேச இடமில்லை.

சும்மாவா? 2023 செப்டம்பரில் லாஸ் வேகாஸின் எம்ஜிஎம் சூதாட்ட விடுதிகள் திண்டாடிப்போயின. ஸ்லாட் மெஷின்கள் முடங்கின, அறைக் கதவின் டிஜிட்டல் சாவிகள் வேலை செய்யவில்லை. கம்பெனியே கணக்கிட்ட பாதிப்பு சுமார் 10 கோடி டாலர். ஊழியர் மாதிரி பேசி ஹெல்ப் டெஸ்க்குக்கு வந்த ஒரு போன் காலில்தான் அது ஆரம்பித்தது என்று செய்திகள் சொல்லின. கோட்டைக் கதவை உடைக்க வேண்டாம், வாசலில் இருக்கும் நல்ல பிள்ளையிடம் கெஞ்சினாலே போதும்!

அதனால்தான் இங்கே ஒரு அருமையான நாடகம் நடக்கிறது. டீம் லீட் பக்கத்து அறைக்குப் போய் உட்கார்ந்துகொண்டு, ‘நான் கம்பெனியின் டைரக்டர், ஏர்போர்ட்டில் நிற்கிறேன், இரண்டு நிமிஷத்தில் விமானம், உடனே பாஸ்வேர்டை மாற்று, இல்லாவிட்டால் உன் வேலை இருக்காது’ என்று அப்ரண்டிஸ்களுக்குப் போன் போடுகிறார். ஒப்புக்கு ஒரு விமான நிலைய அறிவிப்பும் பின்னணியில் ஓடுகிறது, அவரே லேப்டாப்பில் போட்டுவிடுகிறார்! செய்யாற்றுப் பெண் பேசியது இதுதான்: “புரியுது சார், அவசரம்தான். உங்க மேனேஜர் வழியா உறுதி பண்ணிட்டு உடனே கூப்பிடறேன்.” மிரட்டல். மறுபடி அதே வாக்கியம், அதே இனிமை. மறுபடி மிரட்டல். மறுபடி அதே வாக்கியம். அறைக் கதவைத் திறந்துகொண்டு டைரக்டர் வெளியே வந்து கைதட்டினார். அவள் கை நடுங்கிக்கொண்டிருந்தது.

தளத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு தேதி சொல்கிறார்கள், 2024 ஜூலை 19. வெள்ளிக்கிழமை. இந்திய நேரம் காலை 9.39-க்கு கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு அப்டேட் போனது. உலகமெங்கும் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீலத் திரையைக் காட்டிவிட்டுப் படுத்தன. மைக்ரோசாஃப்ட் கணக்கில் 85 லட்சம். நம்ம ஊர் விமான நிலையங்களில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள், ஞாபகம் இருக்கும். தீர்வு எளிது: சேஃப் மோடில் போய், சி-00000291 என்று தொடங்கும் ஒரு கோப்பை அழிக்க வேண்டும். ஆனால் கம்ப்யூட்டரே எழாதபோது ரிமோட்டில் எப்படி நுழைவது? கை அவர்களுடையது, குரல் மட்டும்தான் நம்முடையது.

அதோடு டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் போட்ட லேப்டாப் என்றால், சேஃப் மோடுக்குப் போகும் முன் 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஆறாறாக எட்டுக் கட்டு. அன்றைக்கு முழுக்க உலகத்து ஹெல்ப் டெஸ்க்குகள் போனில் எண் ஓதின! “ஃபோர், செவன், டபுள் ஒன்…” என்று தொண்டை கட்டும்வரை. இதில் ஒரு அழகான ரகசியம் உண்டு. அந்த எட்டுக் கட்டில் ஒவ்வொன்றும் 11-ஆல் மீதியின்றி வகுபடும். ஒரு இலக்கம் தப்பாகத் தட்டினாலும் வகுபடாமல் போய்விடும், அந்தக் கட்டில் பிழை என்று பிடித்துவிடலாம். கேட்டதும் எனக்கு உடனே ஒரு மீட்பு எண்ணை எடுத்து வகுத்துப் பார்க்க வேண்டும் என்று கை பரபரத்தது. ஒயிட்போர்டில் எழுத விடவில்லை.

டிக்கெட், இன்சிடென்ட், பிராப்ளம், எஸ்எல்ஏ (இத்தனை நேரத்துக்குள் தீர்க்க வேண்டும் என்ற கெடு) என்று இவர்கள் பேசும் இலக்கணத்துக்கு ஐடில் என்று பெயர். 1980-களில் பிரிட்டிஷ் அரசின் ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு அதை எழுத ஆரம்பித்தது. ஆனால் அந்த டிக்கெட்டைப் போட்டு நகர்த்தும் மென்பொருள் மட்டும் பல ஊர்களில் நம்ம சரக்கு. ஃப்ரெஷ்டெஸ்க் 2010-இல் சென்னையில் கிரீஷ் மாத்ருபூதம் ஆரம்பித்தது. அந்தக் கம்பெனி ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்று பெயர் மாறி 2021-இல் நாஸ்டாக்கில் பட்டியலானது. அவர் அதற்கு முன் வேலை பார்த்த ஸோஹோவின் சர்வீஸ்டெஸ்க் பிளஸ்ஸும் இங்கிருந்தே போகிறது.

பாஸ்வேர்டு மாற்றுவதையெல்லாம் இனி சாட்பாட்டே செய்துவிடுமே, இந்தப் பிள்ளைகளுக்கு என்ன வேலை மிச்சம் என்று டீம் லீடிடம் கேட்டேன். சுலபமான கால்கள் குறைந்துவருவது நிஜம் என்றார். எனக்கு அதில் ஒரு கவலை இருக்கிறது. புதிதாக வரும் பிள்ளை காலூன்றிக்கொள்வது அந்தச் சுலபமான கால்களில்தான். அவற்றை இயந்திரம் எடுத்துக்கொண்டால், முதல் காலிலேயே லீட்ஸ் பெண்மணியின் கண்ணீர் வந்து நிற்கும். அதற்கேற்றபடி ஷேடோயிங்கை நீட்டவேண்டும். நீட்டுவார்களா என்பது கம்பெனியின் பட்ஜெட் கேள்வி.

கடைசிக் கட்டம் ரிவர்ஸ் ஷேடோயிங். அதே வொய்-கார்டு, இந்த முறை அப்ரண்டிஸ் பேச, அக்காவின் மைக் அணைந்திருக்கும். செய்யாற்றுப் பெண்ணுக்கு அது நான் போன அன்றுதான்! பக்கத்து மேஜைக்காரர்கள் எல்லாம் வேலை செய்வதுபோல நடித்துக்கொண்டு காதை இங்கே வைத்திருந்தார்கள். கால் விழுந்தது. பிரிண்டர். ஐயோ, பிரிண்டர்! தளம் முழுக்க ஒரு பரிதாப முனகல். வரிசையில் சிக்கிக்கொண்ட ஒரு ஆவணம், பின்னால் பன்னிரண்டு ஆவணங்கள். அடையாளம் சரிபார்த்தாள். ரிமோட்டில் நுழைந்தாள். சர்வீசஸ் பட்டியலில் பிரிண்ட் ஸ்பூலரை நிறுத்தி, பிரிண்டர்ஸ் ஃபோல்டரில் தேங்கியிருந்ததைக் காலி செய்து, மறுபடி ஓடவிட்டாள். அந்தப் பக்கம் காகிதம் உருளும் சத்தம் ஹெட்செட்டில் கேட்டது. அக்கா நாற்காலியிலேயே ஒரு சுற்று சுற்றினார்.

பயிற்சி முடிந்து தேர்விலும் தேறினால் தேசிய அப்ரண்டிஸ்ஷிப் சான்றிதழ். அந்தக் கம்பெனியே எடுத்துக்கொள்ளலாம், எடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் பொதுவாக இல்லை. சேர ஆசைப்படுகிறவர்கள் மத்திய அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இந்தியா தளத்தில் இலவசமாகப் பதிந்துகொள்ளலாம். பதிவு பண்ணித் தருகிறேன், பணம் கொடு என்று யாராவது வந்தால், அதுவும் ஒரு அடையாளச் சரிபார்ப்புத் தேர்வு என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

செய்யாற்றுப் பெண்ணுக்கு இப்போதைக்கு ஒரே ஒரு குறைதான். அவள் ஐடி கம்பெனியில் சேர்ந்தது ஊருக்குத் தெரிந்துவிட்டது. பெரியம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் படம் இறங்கவில்லை. சித்தப்பா வீட்டு ரூட்டரில் சிவப்பு விளக்கு. தாய்மாமா ஷிஃப்ட் நடுவிலேயே கூப்பிடுகிறார், போன் லாக்கரில் இருப்பதால் பதினேழு மிஸ்டு கால். இவர்கள் யாருக்கும் டிக்கெட் எண் கிடையாது, எஸ்எல்ஏ கிடையாது, க்வாலிட்டி மார்க்கும் கிடையாது. கேப்பில் ஏறியதும் மாமாவுக்குத் திருப்பிக் கூப்பிட்டாள்.

“மாமா, ரீஸ்டார்ட் பண்ணுனீங்களா?”

“அதெல்லாம் நேத்தே பண்ணியாச்சு பாப்பா.”

“மாமா… டாஸ்க் மேனேஜரைத் திறங்க.”